மாமா சொல்லாத நாலு வரி

எங்க மாமா தன் வாழ்நாளில் சொல்லாத நாலு வரியை அவர் வாயில் வைத்தவள் நான். வைத்ததோடு விட்டேனா? அதைக் கலரில் அச்சடித்து, பக்கத்தில் அவர் படத்தையும் போட்டு, ஓசூரிலிருந்து மாலூர் வரைக்கும் உரக்கடை உரக்கடையாக ஒட்ட வைத்தேன். "நீங்க எழுதறவங்களாமே" என்று யாராவது என்னைக் கேட்டால், இன்றைக்கும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த போஸ்டர்தான். சிரித்து மழுப்பிவிடுவேன். இப்போது மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன்.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். ஓசூர் பக்கம் ஒரு கிராமத்தில் ஒன்றரை ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் வைத்திருந்தார். ஒரு ஏக்கரில் ராகியும் அவரையும். கிணற்றை ஒட்டின அரை ஏக்கரில் தக்காளி. நான் இருந்தது பெங்களூரில், லிங்கராஜபுரத்தில், சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்து வீட்டில். எனக்கு முப்பது வயசு ஆனபிறகும் மாமாவுக்கு நான் "பாப்பா"தான். சர்ச்சில் வேதபாடம் வாசிப்பதைத் தவிர அதிகம் வாய் திறக்காத மனிதர். ஆனால் ஊரில் வாய்க்கால் தகராறு, பாகப் பிரிவினை என்றால் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்பார்கள். "அவரு சொன்னா சரியா இருக்கும்" என்பார்கள். அந்த ஒன்றரை ஏக்கரைத் தவிர அவருக்கு இருந்த சொத்து அதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு ஒரு காய்கறி விதைக் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஓசூர் ரோட்டை ஒட்டின ஒரு குறுக்குத் தெருவில் மாடி ஆபீஸ், கீழே விதை பாக்கெட் போடும் கூடம். தமிழில் துண்டுப் பிரசுரம் எழுத ஆள் தேடியிருக்கிறார்கள். பெங்களூரில் தமிழ் பேசுகிறவர்களுக்கா பஞ்சம்? தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பேனாவைக் கையில் கொடுத்தால்தான் ஓடிப் போவார்கள், எல்லாரும் படித்தது கன்னடத்திலும் இங்கிலீஷிலும். நான் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் தமிழ் கற்றவள். அதனால் என் தமிழுக்கு எப்போதும் ஒரு சர்ச் வாசனை உண்டு. வெண்டைக்காய்க்கு உரம் வைப்பது எப்படி என்று நான் எழுதின முதல் பிரசுரத்தை வாசிக்கக் கேட்டுவிட்டு மேனேஜர் பயபக்தியோடு எழுந்து நிற்கலாமா என்று கேட்டார். கிண்டல்தான். ஆனால் வேலையைக் கொடுத்துவிட்டார்.

மேனேஜர் மைசூர்க்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. மேலே பாம்பேயிலிருந்து போன் வந்தால் நெற்றியைத் துடைத்துக்கொள்வார். போனை வைத்த கையோடு எங்கள் பக்கம் திரும்பி, "பேகா பேகா" என்று கன்னடத்தில் விரட்டுவார். அவர் நிலைமை அப்படி.

என் நிலைமை இது: என் வீட்டுக்காரர் வேலை பார்த்த தொழிற்சாலை கேட்டை இழுத்துப் பூட்டி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மனுஷன் தினமும் காலையில் குளித்து, சட்டை போட்டு, கேட் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். வீட்டில் வேலை என்று ஒன்று இருந்தது எனக்கு மட்டும்தான். காலையில் சிவாஜிநகருக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஓசூர் ரோட்டுக்கு இன்னொன்று. நின்றுகொண்டேதான் போவேன். அந்த வேலையை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

அந்த வருஷம் கம்பெனி ஒரு புது ஐபிரிட் தக்காளியைக் கொண்டு வந்தது. நல்ல ரகம், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. நாட்டுத் தக்காளி தரையோடு படரும். அடிக்காய் மண்ணில் பட்டு அழுகும். தோல் மெல்லிசு, கூடையில் பாதி வழியிலேயே நசுங்கிப் போகும். இது குச்சி ஊன்றிக் கட்டினால் ஆள் இடுப்புக்கு மேல் வளரும், கொத்துக் கொத்தாகக் காய்க்கும், தோல் தடிப்பு, லாரியில் மெட்ராஸ் வரைக்கும் அசையாமல் போகும். நாட்டுத் தக்காளி எடுக்கிற அதே நிலத்தில் இரண்டு பங்குக்கு மேல் எடுக்கலாம். ஒரே ஒரு விஷயம், பழத்திலிருந்து விதை எடுத்து அடுத்த வருஷம் போட முடியாது. போட்டால் ஒரு செடி மாதிரி ஒரு செடி இருக்காது. ஒவ்வொரு தடவையும் பாக்கெட்தான்.

இப்படி ஒரு ரகம் வந்தால் கம்பெனிகள் முதலில் செய்வது மாதிரி வயல். ரோட்டோரமாக ஒரு சின்ன விவசாயியின் நிலத்தைப் பிடித்து, கம்பெனியே பயிர் வைத்துக் காட்டும். போகிற வருகிறவன் பஸ் ஜன்னலிலிருந்து பார்க்க வேண்டும். "தமிழ்நாட்டு பார்டர்ல ஒரு நிலம் வேணுமே" என்று பீல்டு ஆபீசர் ஒரு நாள் சொன்னார். என் வாய் சும்மா இருக்குமா? "எங்க மாமா நிலம் ரோட்டு மேலயே இருக்கு சார்" என்றேன்.

ஆசைதான். வேறென்ன? அக்கா கல்யாணமாகிப் போனதிலிருந்து ஒரு வருஷம் போல ஒரு வருஷம் இருந்ததில்லை. மழை இருந்தால் விலை இல்லை, விலை இருந்தால் மழை இல்லை. நான் ஆபீஸில் உட்கார்ந்து ஊரில் இருக்கிற விவசாயிக்கெல்லாம் நல்வழி எழுதுகிறேன், என் கூடப் பிறந்தவளுக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று மனசு அடித்துக்கொள்ளும்.

கம்பெனி ஆட்கள் வந்தார்கள். தட்டுத் தட்டாக நாற்று வேனில் வந்து இறங்கியது. சவுக்குக் குச்சி வந்தது, சணல் வந்தது, உரம் வந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு ஆள் மருந்து டப்பாவோடு பைக்கில் வந்து நிற்பான். ஊரே வேலி ஓரம் நின்று வேடிக்கை பார்த்தது. சும்மா பார்க்கவில்லை. வரிசைக்கும் வரிசைக்கும் எத்தனை சாண் என்று அளந்து பார்த்தார்கள். செடியைக் குச்சியோடு சேர்த்து எப்படி முடிச்சுப் போடுகிறான் என்று கயிற்றை வாங்கிப் போட்டுப் பழகினார்கள். பயிர் விஷயத்தில் அந்த ஊர்க்காரர்களுக்குக் கண்ணால் பார்த்ததுதான் படிப்பு. கண்ணால் பார்த்துவிட்டால் ஒரு பிசகு இல்லாமல் செய்வார்கள்.

காய்ப்பு வந்தபோது நான் போயிருந்தேன். அம்மாடி! செடியைக் காணோம், காய்தான் தெரிந்தது. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசை வரிசையாகப் பறித்துக்கொண்டே, "ஏண்டி, போன வருஷம் இந்நேரம் செடியே பட்டுப்போச்சுடி" என்றாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நான்தான் எல்லாவற்றையும் செய்துவிட்ட மாதிரி ஒரு நடை நடந்தேன் வரப்பில்.

பீல்டு ஆபீசர் மாமாவை ஒரு வெள்ளைச் சட்டை போடச் சொல்லி, இரண்டு கையிலும் தக்காளியை அள்ளிக் கொடுத்துப் படம் எடுத்தார். என்னிடம், "அவர்கிட்ட ரெண்டு வார்த்தை வாங்கிக்கங்க, போஸ்டருக்கு" என்றார். நான் நோட்டை எடுத்துக்கொண்டு கேட்டேன்.

"எப்படி மாமா இருக்கு?"

மாமா கையில் இருந்த தக்காளியைக் கூடையில் போட்டார். "நல்லாத்தான் இருக்கு பாப்பா. இல்லேன்னு சொன்னா வாய் அழுகிடும். ஆனா இது என் கையில இல்லியே. நாத்து உங்க ஆளுங்க கொண்டாந்தாங்க, மருந்து உங்க ஆளுங்க அடிச்சாங்க. நான் தண்ணி கட்டினேன், அவ்ளோதான். என் கையால ஒரு தபா வெச்சுப் பாத்துட்டு சொல்றேன்."

அதுதான் அவர் சொன்னது. முழுசாகவே எழுதிக்கொண்டேன்.

ஆபீஸுக்கு வந்து வாசித்துக் காட்டினால் மேனேஜர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஏனம்மா இது! இதைப் போட்டா யார் வாங்குவான்? சாயங்காலம் பிரஸ்ஸுக்குப் போகணும். நீங்களே ஏதாவது எழுதுங்க. உங்க மாமாதானே, ஒண்ணும் சொல்ல மாட்டார்."

என் வீட்டுக்காரர் அன்றைக்குக் காலையிலும் கேட் வரைக்கும் போய்விட்டு வந்திருந்தார். நான் பேனாவைத் திறந்தேன். பத்து நிமிஷம் ஆகவில்லை.

"நாட்டுத் தக்காளி போட்டு நொந்துபோயிருந்தேன். இந்த விதையை என் கையால் நட்டேன். ஒரே வருஷத்தில் என் தலையெழுத்து மாறியது. நீங்களும் நம்பிப் போடுங்கள்."

நன்றாக இருந்தது என்பதுதான் கொடுமை. எழுதி முடித்துவிட்டு நானே ஒரு தடவை வாய்விட்டு வாசித்து ரசித்தேன். "என் கையால் நட்டேன்" என்று ஏன் போட்டேன் என்று இப்போது யோசித்தால் உடம்பு கூசுகிறது. அவர் எதைச் செய்யவில்லை என்று சொன்னாரோ, சரியாக அதையே எடுத்துப் போட்டிருக்கிறேன்.

ஒரு மாசம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தால் வீட்டு வாசலில் மாமா நிற்கிறார். கையில் சுருட்டின போஸ்டர். உரக்கடைக்காரனிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, என் வீட்டுக்காரரிடம் கேட் விஷயம் விசாரித்து, எல்லாம் ஆனபிறகு அதை விரித்தார்.

"இதை எடுத்துட சொல்லு பாப்பா."

"ஏன் மாமா, நல்லா இல்லியா?" என்றேன். என் கொழுப்பு.

"நான் சொல்லலியே."

"எல்லா கம்பெனியிலயும் இப்படித்தான் மாமா போடுவாங்க. இது ஒரு பேச்சுக்கு."

"ஊர்ல ஆளுக்காளு வந்து கேக்கிறாங்க. நீ சொன்னா போடறோம்ங்கறாங்க. நான் சொல்லலேன்னா, அப்ப போஸ்டர்ல யாரு சொன்னதுன்னு கேப்பாங்க. பாப்பா எழுதுச்சுன்னு சொல்லவா? சொன்னா உனக்கு அசிங்கம். சொல்லாட்டி எனக்கு அசிங்கம். நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டார். நான், "நாளைக்கே மேனேஜர்கிட்ட பேசறேன் மாமா" என்றேன். பேசவில்லை. திங்கட்கிழமை போனேன், அவர் மேஜைக்கு முன்னால் நின்றேன், வேறு ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமையும் அதே கதை. அப்புறம் பேசுவதற்கான நாளே போய்விட்டது.

மாமா வாயைத் திறக்காமல் இருந்ததை ஊர் "சரி" என்று எடுத்துக்கொண்டது. அடுத்த கோடைக்கு அந்த ஊரில் கிணறு வைத்திருந்த ஒருத்தன் பாக்கி இல்லாமல் எங்கள் தக்காளியைப் போட்டான். ராகி போடுகிற நிலத்தையும் ஒதுக்கிப் போட்டவர்கள் உண்டு. மாமாவும் போட்டார். கம்பெனியின் மாதிரி வயல் அந்த வருஷம் வேறு ஊருக்குப் போய்விட்டது. வேன் இல்லை, பைக் ஆள் இல்லை. பாக்கெட் மட்டும்தான்.

மாமா வயலில் பார்த்ததை எல்லாரும் அப்படியே செய்தார்கள். அதே இடைவெளி, அதே குச்சி, அதே முடிச்சு, ஒன்றிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் நாற்று? நாற்றை யாரும் பார்க்கவில்லையே. அது வேனில் வளர்ந்த பிள்ளையாக வந்து இறங்கினது. எங்கள் ஆபீஸுக்குப் பின்னால் ஈ நுழையாத பொடிக்கண் நைலான் வலைக் கூடாரம் ஒன்று இருந்தது. அந்த நாற்று அதற்குள்தான் வளர்ந்தது. கோடையில் வெள்ளை ஈ வரும். பிஞ்சு நாற்றில் உட்கார்ந்தால் போதும், இலைச்சுருட்டு நோய் ஏறிவிடும். பிறகு என்ன மருந்து அடித்தாலும் இறங்காது. ஊர்க்காரர்கள் வழக்கம்போல கிணற்றடியில் பாத்தி கட்டி, திறந்த வெளியில் விதைத்தார்கள். அவர்கள் அப்பன் காலத்திலிருந்து நாட்டுத் தக்காளிக்கு அப்படித்தான் செய்வார்கள். அதற்கு இந்த நோய் வந்ததில்லை.

இதில் என் பங்கைக் கேளுங்கள். பாக்கெட்டுக்குள் மடித்து வைக்கிற பிரசுரத்தில், "கோடையில் நாற்றை வலைக்குள் வளர்க்கவும்" என்று ஒரு வரி உண்டு. அதையும் எழுதினவள் நான்தான். பின்பக்கத்தில், கடைசிக்கு முந்தின வரியில், பொடி எழுத்தில். யார் படிப்பார்கள்? மாமா வயலில் வலையைப் பார்த்தார்களா? போஸ்டரில் அவர் "என் கையால் நட்டேன்" என்கிறார். அந்த வயலையும் அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவு போதும் அவர்களுக்கு. அந்தக் கூடாரத்தைத் தாண்டித்தான் நான் தினமும் டீ குடிக்கப் போவேன். ஒரு நாள் ஊருக்குப் போய், "மாமா, நாத்துக்கு வலை கட்டச் சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போஸ்டர் பேச்சு திரும்ப எழுந்துவிடுமே என்று நான் ஊர்ப் பக்கமே போகவில்லை. வெட்கங்கெட்ட காரணம். வேறு காரணம் கிடையாது.

பூவெடுக்கிற சமயத்தில் அக்காவிடமிருந்து ஆபீஸுக்கு போன் வந்தது. ஓசூர் பஸ் ஸ்டாண்டு பூத்திலிருந்து பேசினாள். "நீ வந்து பாத்துட்டு போடி" என்றாள். அவ்வளவுதான்.

போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தபோதே தெரிந்தது. வயல் வயலாக இலை சுருண்டு, மேல்பக்கம் மஞ்சளடித்து, செடி முழங்கால் உயரத்தில் குந்திக்கொண்டு நிற்கிறது. குச்சி மட்டும் நெட்டையாக நிற்கிறது. அக்கா வீட்டு வாசலில் ஒரு குவியல். பிடுங்கின தக்காளிச் செடி, வேர் மண்ணோடு.

"இது என்னக்கா?"

"வெடிஞ்சா போட்டுட்டுப் போறாங்க. ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசறதில்ல. வயலுக்குப் போற வழியில ரெண்டு செடி பிடுங்கி நம்ம வாசல்ல போட்டுட்டுப் போறாங்க. நானும் கூட்டித் தள்றேன், மறுநாள் மறுபடி கெடக்குது." துடைப்பத்தைக் கீழே போட்டாள். "திட்டினாலாவது பதிலுக்குத் திட்டலாம். இதுக்கு நான் என்னடி பண்றது? எழுதின மகராசி நீ சொல்லு."

துடைப்பத்தை எடுத்துச் சுவரோரம் சாத்திவிட்டு உள்ளே போனேன். மாமா வீட்டுக்குள் இருந்தார். பகலில் அவர் வீட்டுக்குள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"நாட்டு விதைக்கே திரும்பிடலாமே மாமா" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"எங்கருந்து? எல்லாரும் ஒரே தபா விட்டுட்டாங்க. விதை யாரு வெச்சிருக்கான்? வெச்சிருந்தாலும் மண்டியில தோல் தடிப்பா இல்லாத பழத்தை கீழ எறக்கவே விடமாட்டேங்கறான். இதையேதான் போட்டாகணும் பாப்பா. போட்டாலும் ஆபத்து, போடாட்டியும் ஆபத்து." ஒரு வித ஆராய்ச்சி மாதிரி சொன்னார். கை மட்டும் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தது.

இதற்குள் செய்தி கம்பெனிக்குப் போய்விட்டது. பாம்பேயிலிருந்து போன் மேல் போன். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஊரில் ஒரு கூட்டம் போட வேண்டும், விதையில் குறை இல்லை, நாற்று விட்டதில்தான் தப்பு என்று எடுத்துச் சொல்ல வேண்டும். கம்பெனிக்காரன் சொன்னால் கேட்க மாட்டார்கள், போஸ்டரில் இருக்கிற ஆள் சொல்ல வேண்டும்.

"அவர் பேச மாட்டார் சார்" என்றேன்.

"அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க? எழுதிக் கொடுங்க, படிக்கட்டும். சர்ச்ல பாடம் படிக்கிறவர்னு நீங்கதானே சொன்னீங்க?" நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பாருங்கம்மா, இது சரியாகலேன்னா தமிழ் செக்ஷனே வேண்டாம்னு சொல்லிடுவாங்க மேல. நான் மிரட்டறேன்னு நினைக்காதீங்க. எனக்கும் இதுக்கு மேல தெரியல."

மிரட்டவில்லைதான். அதனாலேயே அவரிடம் சண்டை போடவும் முடியவில்லை.

எழுதினேன். "விதையில் குறையில்லை. நாற்றை வலைக்குள் வளர்க்காமல் விட்டது எங்கள் தவறு. பிரசுரத்தைப் படிக்காதது எங்கள் தவறு. வரும் போகத்தில் கம்பெனி சொல்கிறபடி செய்வோம்." பாதி உண்மை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் என் கை கூசியிருக்குமோ என்னவோ.

கூட்டத்தன்று காலையில் அதை மாமாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். அக்கா அடுப்பங்கரை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதைப் படிக்கலேன்னா உன் வேலைக்கு ஏதாவது ஆயிடுமா பாப்பா?"

ஆகாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆகும் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஷாமியானா போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். பின்னால் அண்டாவில் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. மேனேஜர் பேசினார், பீல்டு ஆபீசர் வலையை விரித்துக் காட்டினார். யாரும் எதுவும் கேட்கவில்லை. மாமா எழுந்தபோதுதான் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒரு வருஷமாக அந்த மனிதர் வாயிலிருந்து என்ன வரும் என்று காத்திருந்தவர்கள்.

அவர் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். கிழித்துப் போடுங்க மாமா, என் பேரைச் சொல்லுங்க, இவ எழுதினதுன்னு சொல்லுங்க என்று மனசுக்குள் கெஞ்சினேன். சத்தியமாகக் கெஞ்சினேன். அவர் சொல்லியிருந்தால் எனக்கு விடுதலை. நானே எழுந்து சொல்லியிருக்கலாம், இல்லையா? காலும் இருந்தது, வாயும் இருந்தது. நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாமா படித்தார். நிறுத்தி நிதானமாக, சர்ச்சில் படிக்கிற அதே குரலில், ஒரு எழுத்துக் கூடத் தப்பாமல் படித்தார். முடித்துவிட்டு உட்கார்ந்தார். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தார். அவர் பின்னாலேயே எல்லாரும் போனார்கள். பிரியாணியை ஒருத்தரும் தொடவில்லை. மேனேஜர் மட்டும், "பரவாயில்லை, சத்தம் கித்தம் இல்லாம முடிஞ்சுது" என்று எனக்குக் கை கொடுத்தார்.

வாசலில் செடி போடுவது மறுநாளிலிருந்து நின்றுவிட்டது. "நின்னுடுச்சாக்கா?" என்று சந்தோஷமாகக் கேட்டேன். "நின்னுடுச்சு. இப்ப நம்ம வாசல் பக்கமே யாரும் வர்றதில்ல" என்றாள். எனக்கு உடனே புரியவில்லை. என் வேலை போகவில்லை. கத்தரிக்காய்க்கும் மிளகாய்க்கும் எழுதிக்கொண்டே இருந்தேன். ஓசூர் ரோட்டில் எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பின. பஸ்ஸில் நிற்க இடமில்லாமல் போனது. நான் அதே இரண்டு பஸ் பிடித்து அதே மேஜைக்குப் போய் வந்தேன். ஊர்க்காரர்கள் வலை வாங்கக் கற்றுக்கொண்டார்கள். மாமாவும் வருஷா வருஷம் அதே பாக்கெட்டைத்தான் வாங்கினார்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் இருக்கும். மாமா நிலத்துக்கும் பக்கத்து நிலத்துக்கும் நடுவில் இருந்த எல்லைக்கல்லைக் காணோம். பக்கத்து நிலத்துக்காரன் டிராக்டர் ஓட்டினபோது பெயர்த்துவிட்டான். எங்கே இருந்தது என்று பார்க்க ஊரில் நாலு பேர் கூடினார்கள். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். பக்கத்து நிலத்துக்காரன் ஒரு இடத்தைக் காட்டினான். அது மாமா நிலத்துக்குள் நன்றாக நாலு அடி தள்ளி இருந்தது. முந்தியெல்லாம் இப்படி ஒரு தகராறு என்றால் மாமா வந்து கை காட்டுகிற இடத்தில் கல்லை நட்டுவிட்டுப் போவார்கள்.

மாமா முன்னால் போய் நின்று, "கல்லு இங்க இருந்துச்சு. வாய்க்கா மடையில இருந்து எட்டு தப்படி" என்றார்.

பக்கத்து நிலத்துக்காரன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது யாரு எழுதிக் குடுத்தது?" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட மனசோடு இல்லை. ஊரில் அது பழகிப்போன கேலி என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. எத்தனை வருஷமாக எத்தனை இடத்தில் கேட்டிருப்பார்களோ, எனக்கு மட்டும்தான் அது புதுசு. மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. அவரும் லேசாகச் சிரித்துவிட்டு, ஒதுங்கி வந்து அக்கா பக்கத்தில் நின்றுகொண்டார்.

கல்லை அவன் காட்டின இடத்திலேயே நட்டார்கள். அந்த நாலு அடியில் அந்தக் கோடையில் அவன் போட்டதும் எங்கள் கம்பெனி தக்காளிதான். நாற்றை வலைக்குள் வளர்த்திருந்தான். நல்ல விளைச்சல்.